வெளியூராருக்கான லண்டன்

நான்கைந்து நாள் லண்டனைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் விசாரிப்பது, ஊரின் நடுவில் அறை கிடைக்குமா என்பதைத்தான். நியாயமான விசாரிப்பு. ஆனால் லண்டனின் நடு எது என்று கேட்டால் ஒரே பதில் கிடைக்காது. தூரங்களை அளக்கும் புள்ளி சேரிங் கிராஸில் முதலாம் சார்லஸ் மன்னரின் குதிரைச் சிலை நிற்கும் இடம். ரோமானியர் நிறுவிய ஆதி நகரமான ‘சிட்டி’ அங்கிருந்து கிழக்கே தள்ளி இருக்கிறது. அரண்மனையும் நாடாளுமன்றமும் வெஸ்ட்மின்ஸ்டரில் உள்ளன. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களோ பெரும்பாலும் ப்ளூம்ஸ்பரியிலும் கிங்ஸ் கிராஸிலும் பாடிங்டனிலும் விக்டோரியாவிலும் தென் கென்சிங்டனிலும் தங்குகிறார்கள். இந்த இடங்கள் எவையும் பழைய லண்டனின் நடுவாக இருந்ததில்லை. வயலும் தோட்டமும் நகரின் விளிம்புமாகக் கிடந்தவை அவை. இன்று விடுதிக்காரர்கள் ‘மையப் பகுதி’ என்று விளம்பரம் செய்வதும், அதற்காகவே கூடுதல் வாடகை வாங்குவதும் இங்கேதான். விளிம்பு எப்படி மையமாயிற்று? லண்டன் ஒவ்வொரு காலத்திலும் வெளியூராரை ஒரு வாசலில் நிறுத்தியது. நிறுத்திய இடத்தில் விடுதிகள் முளைத்தன. பிறகு ஊர் அந்த வாசலைத் தாண்டி வளர்ந்து, வாசலையே தன் நடுவாக்கிக்கொண்டது. வெளியூராரின் மையம் என்பது பழைய வாசல்தான் என்பதற்கு அந்த நகரத்தின் எழுநூறு ஆண்டுக் கதையே சான்று சொல்கிறது.

முதல் வாசல் தேம்ஸ் நதியின் தென்கரையில் இருந்த சதர்க். 18ஆம் நூற்றாண்டு வரையில் லண்டன் மாநகருக்குள் ஆற்றைக் கடக்க ஒரே ஒரு பாலந்தான் இருந்தது. இரவில் அந்தப் பாலத்தின் கதவுகளை அடைத்துவிடுவார்கள். கென்ட், சர்ரே, சசெக்ஸ் பக்கமிருந்தும், டோவர் துறைமுகத்தில் இறங்கி ஐரோப்பாவிலிருந்தும் வருகிறவர்கள் பொழுது சாய்ந்து வந்து சேர்ந்தால் தென்கரையிலேயே தங்கியாக வேண்டும். விடியற்காலையில் தெற்கே கிளம்புகிறவர்களுக்கும் முதல் நாள் இரவே பாலத்தைத் தாண்டி வந்து படுப்பதுதான் வசதி. அதனால் பாலத்திலிருந்து தெற்கே போகும் நெடுஞ்சாலையின் கிழக்கோரத்தில் விடுதிகள் வரிசையாக எழுந்தன. கவிஞர் சாசரின் கதைகளில் காண்டர்பரி யாத்திரிகர்கள் கூடிக் கிளம்பும் டபார்ட் அவற்றில் ஒன்று. அந்தக் கதைகளில் விடுதிக்காரராக வரும் ஹாரி பெய்லி கற்பனைப் பாத்திரம் மட்டும் அல்ல. அந்தப் பெயரில் சதர்க்கில் விடுதி நடத்திய ஒருவர் 1370களில் அந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்திருக்கிறார். வெளியூராருக்குப் படுக்கை கொடுப்பது ஓர் ஊரின் முதன்மைத் தொழிலாக இருந்தால் ஒழிய, விடுதிக்காரர் அந்த ஊரின் பிரதிநிதியாகியிருக்க முடியாது. சதர்க்கின் பெரும்பகுதி சிட்டியின் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்ததும் கவனிக்கத்தக்கது. சிட்டிக்குள் இடம் கொடுக்கப்படாத நாடகக் கொட்டகைகளும் கரடிச் சண்டைக் களங்களும் அங்கே வந்து சேர்ந்தன. பயணியும் நகரத்தின் கண்ணுக்கு அந்த வரிசையில் ஓர் ஆள்தான்: வேண்டும், ஆனால் மதிலுக்கு வெளியே இருக்கட்டும். 1676இல் சதர்க்கில் பெருந்தீ பிடித்து விடுதிகள் எரிந்தன. அடுத்த ஆண்டு திரும்பக் கட்டப்பட்ட ஜார்ஜ் விடுதி, முற்றத்தைச் சுற்றி மரத் தாழ்வாரங்கள் கொண்ட அந்தக் காலக் கட்டடங்களில் லண்டனில் எஞ்சியிருக்கும் ஒரே ஒன்று. அதிலும் பெரும்பகுதியை ரயில்வே கம்பெனி கிடங்குக்காக இடித்துவிட்டது. மிச்சமான ஒரு பக்கத்தைத்தான் தேசிய அறக்கட்டளை 1937 முதல் காப்பாற்றி வருகிறது.

இரண்டாவது வாசல் குதிரை வண்டிக் காலத்தினுடையது. 1784இல் பிரிஸ்டலுக்கும் லண்டனுக்கும் இடையே ஜான் பாமர் தொடங்கிய தபால் வண்டி, பயணத்தை நேரக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. அதற்குப் பிந்தைய ஐம்பது ஆண்டுகளில் வண்டி கிளம்பும் முற்றமும் பயணி தங்கும் அறையும் ஒரே கட்டடமாயின. லட்கேட் மலையில் பெல் சாவேஜ், ஆல்டர்ஸ்கேட்டுக்கு அருகே புல் அண்ட் மவுத், பிஷப்ஸ்கேட்டில் புல், மேற்கே போகும் வண்டிகளுக்குப் பிக்காடில்லியில் ஒயிட் ஹார்ஸ் செல்லர் என்று இருந்த பெரிய விடுதிகளின் இடங்களைப் படத்தில் வைத்துப் பார்த்தால், பலவும் பழைய மதில்வாசல்களை ஒட்டியே இருப்பது தெரியும். மதில்வாசல்களை 1760களிலேயே இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். இருந்தும் விடுதிகள் இடம் மாறவில்லை. இதற்கு மாறான உதாரணமும் உண்டு. வில்லியம் சாப்ளினின் ‘ஸ்வான் வித் டூ நெக்ஸ்’ சிட்டியின் உள்ளே லாட் லேன் என்ற குறுகிய சந்தில் இருந்தது. ஆனால் அங்கேயும் அதை இழுத்துப் பிடித்தது அஞ்சல்தான். 1829இல் தலைமை அஞ்சலகம் செயின்ட் மார்ட்டின்ஸ் லெ கிராண்டில் திறக்கப்பட்ட பிறகு இரவு 8 மணிக்கு பெரும்பாலான தபால் வண்டிகளும் அந்த வட்டாரத்திலிருந்தே புறப்பட்டன. சாப்ளினிடம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகள் இருந்தன. ரயில் வருவதை முன்கூட்டியே உணர்ந்து குதிரைகளை விற்ற அவர், லண்டன் அண்ட் சவுத் வெஸ்டர்ன் ரயில்வேயின் தலைவரானார். போக்குவரத்து எங்கே முடிகிறதோ அங்கேதான் படுக்கை விலைபோகும் என்பதை அவரைவிடத் தெளிவாக அறிந்தவர் அந்தத் தலைமுறையில் இருந்திருக்க முடியாது.

ரயில் வந்ததும் வாசல் மறுபடி வெளியே தள்ளப்பட்டது. இன்றைய விடுதிப் படத்தைப் புரிந்துகொள்ள 1846ஆம் ஆண்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ரயில் கம்பெனிகள் ஆளுக்கொரு திட்டத்தோடு லண்டனின் நடுவுக்குள் தண்டவாளம் போட முண்டியடித்தபோது, அரசு அமைத்த விசாரணைக் குழு ஆற்றின் வடகரையில் ஓர் எல்லை வகுத்து, அதற்குள் ரயில் நுழையக் கூடாது என்று பரிந்துரைத்தது. வடக்கு எல்லை, ஸ்மித்ஃபீல்டு சந்தைக்குக் கால்நடைகளை ஓட்டிச் செல்ல 1756இல் ஊருக்கு வெளியே போடப்பட்ட நியூ ரோடு. இன்று யூஸ்டன் ரோடு எனப்படும் அந்தச் சாலையின் வடக்கே யூஸ்டன் நிலையம் (1837) ஏற்கெனவே நின்றது. பிறகு வந்த கிங்ஸ் கிராஸ் (1852), செயின்ட் பாங்க்ரஸ் (1868) நிலையங்களும் அதே சாலையின் வடக்கோரத்திலேயே நிற்பதற்கு இதுவே காரணம். மேற்கே பாடிங்டனும் அதே கோட்டில் நின்றுவிட்டது. நிலையம் நின்ற இடத்தில் ஹோட்டல் எழுந்தது. யூஸ்டனில் 1839இலேயே இரண்டு ஹோட்டல்கள் திறக்கப்பட்டன. ஒன்று வசதி படைத்தவர்களுக்கு, மற்றது சிக்கனமாகப் பயணம் செய்பவர்களுக்கு. 1854இல் பாடிங்டனிலும் கிங்ஸ் கிராஸிலும் ஹோட்டல்கள் வந்தன. 1873இல் செயின்ட் பாங்க்ரஸில் கில்பர்ட் ஸ்காட் கட்டிய மிட்லண்ட் கிராண்ட், அந்த வரிசையின் சிகரம். மறுபக்கம் சிட்டியைப் பாருங்கள். இங்கிலாந்து வங்கியும் பங்குச் சந்தையும் செயின்ட் பால் தேவாலயமும் உள்ள, எந்த அளவுகோலிலும் லண்டனின் ஆதி மையமான அந்தச் சதுர மைலில், 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பெயர் சொல்லும்படி இருந்த ஹோட்டல் லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்தை ஒட்டிய கிரேட் ஈஸ்டர்ன் ஒன்றுதான். அதுவும் ரயில் ஹோட்டலே. நடுவில் இருப்பதுதான் விடுதியை வரவழைக்கும் என்றால் சிட்டி விடுதிகளால் நிரம்பி வழிந்திருக்க வேண்டும்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. சவாய், செசில், ரிட்ஸ் போன்ற புகழ்பெற்ற ஹோட்டல்கள் ரயில் எல்லையிலா எழுந்தன? ஸ்ட்ராண்டிலும் பிக்காடில்லியிலும், ஊரின் நெஞ்சிலேயே அல்லவா எழுந்தன? கேள்வி சரியானதுதான். ஆனால் அந்த நெஞ்சு எப்படி அமைந்தது என்று பார்க்க வேண்டும். 1846இன் தடை வடகரைக்குள் நீண்ட நாள் முழுமையாக நிற்கவில்லை. தெற்கிலிருந்து வரும் கம்பெனிகள் 1860களில் ஆற்றைத் தாண்டி விக்டோரியாவிலும் சேரிங் கிராஸிலும் நிலையங்களைத் திறந்தன. டோவர், ஃபோக்ஸ்டன் துறைமுகங்களில் கப்பலிலிருந்து இறங்கியவர்களை ஏற்றி வந்த ரயில்கள் நின்றது இவ்விடங்களில்தான். சேரிங் கிராஸ் நிலையம் திறந்தது 1864 ஜனவரி. ஹோட்டல் திறந்தது 1865 மே. பக்கத்தில் இருந்த நார்தம்பர்லண்ட் பிரபுவின் மாளிகையை 1874இல் இடித்து ஒரு புதிய சாலை போட்டார்கள். அந்தச் சாலையில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் கிராண்ட், மெட்ரோபோல், விக்டோரியா என்று மூன்று பெரிய ஹோட்டல்கள் எழுந்தன. 1889இல் சவாயும் 1896இல் செசிலும் ஸ்ட்ராண்டில் வந்தது அதன் தொடர்ச்சி. ஆக, வெளிநாட்டு ரயில்கள் வந்து நின்ற வாசலே இந்த ஆடம்பர மையமும். சிட்டிக்கும் வெஸ்ட்மின்ஸ்டருக்கும் இடைப்பட்ட சாலையாக இருந்த ஸ்ட்ராண்டைப் பயணிகளின் நடுவாக மாற்றியதில் சேரிங் கிராஸ் நிலையத்துக்கு உள்ள பங்கு, பக்கத்து ட்ரஃபால்கர் சதுக்கத்தின் நெல்சன் தூணுக்கு உள்ள பங்கைவிடப் பெரியது.

1888ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அந்த விக்டோரியா ஹோட்டலில்தான் இளைஞர் மோகன்தாஸ் காந்தி லண்டன் வாழ்க்கையைத் தொடங்கினார். தனக்கு வந்த 3 பவுன் பில்லைப் பார்த்து அதிர்ந்ததைத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அங்கிருந்து ரிச்மண்ட், பிறகு மேற்குக் கென்சிங்டனில் ஒரு விதவையின் வீடு என்று மாறினார். கணக்கு எழுதத் தொடங்கிய பிறகு அவர் செய்த முடிவு, இந்தப் பொருள் பற்றி யார் எழுதினாலும் குறிப்பிட வேண்டியது: போக வேண்டிய இடத்துக்கு அரை மணி நேரத்தில் நடந்து சேரும்படியான அறையைத் தேர்ந்தெடுத்து, வண்டிச் செலவை மிச்சப்படுத்தினார். ஊரின் நடுவை அவர் தேடவில்லை. தன் அன்றாட வேலையிலிருந்து அளந்தார். 1931இல் வட்டமேஜை மாநாட்டுக்கு வந்தபோது அந்த அளவுகோலையும் மாற்றிவிட்டார். மாநாடு நடந்தது மேற்கே செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையில். அவர் தங்கியது கிழக்கு லண்டனின் ஏழைத் தொழிலாளர் பகுதியான போவில், மியூரியல் லெஸ்டரின் கிங்ஸ்லி ஹாலில். வந்தவர்களைச் சந்திக்க நைட்ஸ்பிரிட்ஜில் ஓர் அலுவலகமும் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது, தினமும் நீண்ட பயணம், தூக்கம் குறைந்தது. எங்கே தங்குகிறோம் என்பது யாரோடு நிற்கிறோம் என்பதன் அறிவிப்பாகவும் ஆகக்கூடும் என்று அறிந்து அவர் கொடுத்த விலை அது. இன்றைய சுற்றுலாப் பயணிக்கு அந்த விலை தேவையில்லை. ஆனால் தன் வேலை எது என்று முதலில் தீர்மானித்துக்கொண்டு அதிலிருந்து அளப்பது அவருக்கும் பொருந்தும்.

நடுத்தர வருவாய்க்காரருக்குச் சேரிங் கிராஸ் வட்டாரத்தைத் திறந்துவிட்டவர்கள் தேநீர்க் கடைகளால் பெயர் பெற்ற லயன்ஸ் கம்பெனியார். 1909இல் ஸ்ட்ராண்ட் பேலஸ், 1915இல் பிக்காடில்லி சர்க்கஸ் அருகே 1,028 அறைகளோடு ரீஜன்ட் பேலஸ். குளியலறை பொது, அறைக் கட்டணம் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது, பணியாளருக்கு இனாம் தர வேண்டியதில்லை. கையில் உள்ள பணத்தை எண்ணி வருகிறவருக்கு, இடத்தைப் போலவே, இன்ன தொகைதான் செலவாகும் என்ற நிச்சயமும் வேண்டியிருந்தது.

ஆனால் மாணவரும் ஆய்வாளரும் வெளிநாட்டவரும் அதிகம் நம்பியிருந்தது ப்ளூம்ஸ்பரியைத்தான். அதன் கதையில் வாசல் என்ற சொல்லை அப்படியே கொள்ளலாம். பெட்ஃபர்ட் பிரபுவின் நிலமான அந்தப் பகுதி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கனவான்களுக்காக ரஸ்ஸல் சதுக்கம் முதலான சதுக்கங்களோடு திட்டமிடப்பட்டது. தெருக்களின் முனைகளில் இரும்புக் கதவுகள் போட்டுக் காவலாளிகளை நிறுத்தி, சரக்கு வண்டிகளும் கண்ட வண்டிகளும் நுழையாமல் தடுத்தார்கள். வடக்கே யூஸ்டன் நிலையத்துக்குப் போகிறவர்கள் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. பல ஆண்டுச் சச்சரவுக்குப் பிறகு நாடாளுமன்றச் சட்டத்தால் 1893இல் கதவுகள் அகற்றப்பட்டன. அதற்குள்ளாகவே பணக்காரக் குடும்பங்கள் மேற்கே பெல்கிரேவியா, கென்சிங்டன் பக்கம் நகர்ந்துவிட்டன. நான்கைந்து மாடியும் பல அறைகளுமாகக் கட்டிய வீடுகளுக்கு ஒரு குடும்பமாக வாடகைக்கு வருவோர் இல்லை. அறை அறையாகப் பிரித்து, காலைச் சாப்பாடும் சேர்த்து விடுவதற்கு அவை வாகாக இருந்தன. வடக்கே மூன்று ரயில் நிலையங்கள், தெற்கே பிரிட்டிஷ் மியூசியம், இடையில் பல்கலைக்கழகக் கல்லூரி, பக்கத்திலேயே சட்டம் படிப்போர் சேரும் கிரேஸ் இன், லிங்கன்ஸ் இன். நிலக்கிழாரின் நிர்வாகம் குத்தகை நிபந்தனைகளைக் காட்டி விடுதிகளைத் தடுக்கப் பார்த்து முடியாமல் விட்டது. 1900இல் ரஸ்ஸல் சதுக்கத்திலேயே ஹோட்டல் ரஸ்ஸல் எழுந்தது. வெளியூர் வண்டி நுழையக் கூடாதென்று கதவு போட்ட இடம், கதவு போன ஏழே ஆண்டில் வெளியூராரை வரவேற்கப் பிரம்மாண்டமான ஹோட்டல் கட்டும் இடமாயிற்று.

தெருக்கதவு அகன்றதும் அறைக்கதவு எல்லோருக்கும் திறந்துவிடவில்லை. இந்திய மாணவர்களுக்கு இது அன்றாடப் பிரச்சினை. 1905இல் ஷியாம்ஜி கிருஷ்ணவர்மா தொடங்கிய இந்தியா ஹவுஸ் வடக்கே ஹைகேட்டில் இருந்தது, வ.வே.சு. ஐயர் அங்கே வாழ்ந்தவர்தான். புரட்சி அரசியலின் தலமாக அதை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் அது முதலில் இந்திய மாணவர் தங்குவதற்கான விடுதியும்கூட. 1909இல் பிரிட்டிஷ் அதிகாரி கர்சன் வைலி சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு அரசு விழித்துக்கொண்டு, மறு ஆண்டு குரோம்வெல் ரோடு 21ஆம் எண் கட்டடத்தில் புதிதாக வந்திறங்கும் மாணவர்களுக்குச் சில அறைகளை ஏற்பாடு செய்தது. அரசின் கண்காணிப்பு இருக்கும் இடம் என்று மாணவர்கள் அதைச் சந்தேகித்தார்கள். மேற்பார்வையும் இல்லாமல் அவமதிப்பும் இல்லாமல் நகரின் நடுவில் ஓர் இடம் வேண்டும் என்ற தேவைக்கு விடை கொடுத்தவர் சேலத்தில் பிறந்த தமிழர். இந்திய ஒய்.எம்.சி.ஏ.வின் முதல் இந்தியத் தேசியப் பொதுச் செயலாளரான கே.டி. பால், 1920இல் லண்டனில் இந்திய மாணவர் சங்கத்தையும் விடுதியையும் நிறுவினார். முதலாம் உலகப் போரில் நியூஸிலாந்துச் சிப்பாய்களுக்காக ப்ளூம்ஸ்பரியில் போட்ட ‘ஷேக்ஸ்பியர் ஹட்’ என்ற தற்காலிகக் கொட்டகையில் அது தொடங்கியது. 1923இல் கோவர் ஸ்ட்ரீட்டுக்கு மாறியது. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்கு இரையானது. 1953இல் ரால்ஃப் டப்ஸ் வடிவமைத்த புதிய கட்டடம் ஃபிட்ஸ்ராய் சதுக்கத்தில் எழுந்தது. மூன்று இடங்களும் மியூசியத்துக்கும் கல்லூரிகளுக்கும் நடந்துபோகும் தூரத்திற்குள் அமைந்தவை. சேலத்துக்காரர் ஒருவரின் முன்னோக்கால் இரண்டு தலைமுறை இந்தியர்களுக்கு லண்டனின் நடுவில் மரியாதையோடு தலை சாய்க்க இடம் கிடைத்தது. தமிழ்நாட்டில் இது அதிகம் பேசப்படாததில் எனக்கு வருத்தம் உண்டு.

மரியாதை என்ற சொல்லை ஏன் போட வேண்டியிருந்தது என்பதற்கு 1943ஆம் ஆண்டின் வழக்கு ஒன்று போதும். ட்ரினிடாடைச் சேர்ந்த கிரிக்கெட் வீரர் லியரி கான்ஸ்டன்டைன் அப்போது பிரிட்டிஷ் தொழிலாளர் அமைச்சகத்தின் நல அதிகாரி. லார்ட்ஸில் ஆட வந்தவர் ரஸ்ஸல் சதுக்கத்தின் இம்பீரியல் ஹோட்டலில் மனைவி, மகளோடு தங்க முன்பதிவு செய்திருந்தார். ஜூலை 30 அன்று போய் இறங்கியபோது, ஒரே ஓர் இரவுதான் தங்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். அங்கு தங்கியிருந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்குப் பிடிக்காது என்பது காரணம். அவர் வழக்குத் தொடுத்தார். அவர் நம்பியது புதிய சட்டம் எதையும் அல்ல; இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் அன்று பிரிட்டனில் இல்லவே இல்லை. சதர்க் காலத்திலிருந்து வரும் பொதுச் சட்ட மரபு ஒன்று உண்டு: வழிப்போக்கருக்கென்று விடுதி திறந்தவர், இடம் இருந்து, வருகிறவர் ஒழுங்காகவும் பணம் கொடுக்கத் தயாராகவும் இருந்தால், நியாயமான காரணமின்றி அவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. 1944இல் நீதிபதி பர்கெட் அந்த மரபின்படி கான்ஸ்டன்டைனுக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தார். நஷ்டஈடு ஐந்து கினி மட்டுமே. ஆனால் இந்த மரபு ‘போர்டிங் ஹவுஸ்’, ‘தனியார் ஹோட்டல்’ என்று அழைக்கப்பட்ட இடங்களைக் கட்டுப்படுத்தாது. ப்ளூம்ஸ்பரியின் பிரித்த வீடுகளில் மிகப் பல அந்த வகையே. 1965இன் இன உறவுச் சட்டம் ஹோட்டல்களில் பாகுபாட்டைத் தடுத்தபோதும் அந்த இடைவெளி அப்படியே இருந்தது. 1968இல்தான் போர்டிங் ஹவுஸ்களும் சட்டத்துக்குள் வந்தன. ஆகவே இந்தியரோ கரீபியரோ ஆப்பிரிக்கரோ லண்டனின் நடுவில் எந்தக் கதவையும் தட்டி அறை கேட்கும் உரிமைக்கு இன்னும் அறுபது வயதுகூட நிரம்பவில்லை. வாசலின் வரலாற்றைப் போக்குவரத்தின் வரலாறாக மட்டும் சொன்னால் பாதியை மறைத்ததாகிவிடும்.

பாதாள ரயிலும் விமானமும் வந்த பிறகு இந்த வாதமெல்லாம் பழங்கதை, எங்கே தங்கினாலும் அரை மணியில் நடுவுக்கு வந்துவிடலாம் என்பார்கள் சிலர். முதல் பாதாள ரயில் 1863 ஜனவரி 10இல் ஓடத் தொடங்கியது. பாடிங்டனிலிருந்து கிங்ஸ் கிராஸ் வழியாக ஃபாரிங்டன் வரை சென்ற அந்த ரயிலின் நோக்கமே, எல்லையில் நின்றுபோன நிலையங்களைச் சிட்டியோடு இணைப்பது. அதனால் நிலையத்து விடுதிகள் செல்லாக்காசாகவில்லை. உள்ளே போக வழி கிடைத்ததால் அவற்றின் மதிப்பு கூடியது. விமானமும் அதையே செய்தது. 1957இல் ஒரு விமானக் கம்பெனி தன் பயணிகளைப் பதிவு செய்து பஸ்ஸில் ஹீத்ரோவுக்கு அனுப்பும் முனையத்தைக் குரோம்வெல் ரோடில் அமைத்தது. அந்தச் சாலையும் ஏர்ல்ஸ் கோர்ட்டும் ஹோட்டல் வட்டாரமாக வளர்ந்ததில் அதற்குப் பங்கு உண்டு. 1977இல் பிக்காடில்லி தடம் ஹீத்ரோவைத் தொட்டதும், ஏர்ல்ஸ் கோர்ட், தென் கென்சிங்டன், ரஸ்ஸல் சதுக்கம், கிங்ஸ் கிராஸ் எல்லாம் விமானத்திலிருந்து இறங்கி ஒரே ரயிலில் போய்ச் சேரும் நிலையங்களாயின. 2007 நவம்பரில் ஐரோப்பாவுக்குச் செல்லும் யூரோஸ்டார் ரயில் வாட்டர்லூ நிலையத்தை விட்டுச் செயின்ட் பாங்க்ரஸுக்கு வந்தது. குளியலறைகள் போதாமல், நடத்தக் கட்டுப்படியாகாமல் 1935இல் மூடப்பட்டிருந்த மிட்லண்ட் கிராண்ட், 2011இல் மறுபடி ஹோட்டலாகத் திறந்தது. 2022இல் எலிசபெத் தடம் வந்தபோது பாடிங்டன் மீண்டும் மேலேறியது. வாசல் இடம் மாறுகிறது, மறைந்துவிடவில்லை.

இன்னொரு மறுப்பு உள்ளூராருடையது. எனக்கு இதுவே கனமாகத் தோன்றுகிறது. நகரின் நடு வெளியூராருக்கு அறை கொடுப்பதற்காக மட்டும் இருக்கிறதா? அங்கே வாழ்கிறவர்கள் எங்கே போவார்கள்? 1969இன் சுற்றுலா வளர்ச்சிச் சட்டம் புதிய ஹோட்டல் கட்டுவோருக்கு அறைக்கு 1,000 பவுன் வரை மானியம் கொடுத்தது. லண்டனில் ஹோட்டல்கள் மளமளவென்று எழுந்தன. குடியிருப்புகள் போகின்றன என்ற எதிர்ப்பும் கூடவே எழுந்தது. 1973இல் வந்த சட்டம், வீடுகளைத் தொடர்ந்தாற்போல் 90 இரவுகளுக்குக் குறைவாக வாடகைக்கு விடுவதானால் திட்ட அனுமதி பெற வேண்டும் என்றது. இணையவழி வீட்டு வாடகை பெருகிய பின் 2015இல் அதைத் தளர்த்தி, ஆண்டுக்கு மொத்தம் 90 இரவுகள் வரை அனுமதியின்றி விடலாம் என்றார்கள். வரம்பை எடுத்துவிட்டால் சதுக்கத்து வீடுகள் எல்லாம் அறைகளாகும், அறைகளில் ஒருவரும் ஓட்டுரிமை உள்ளவராக இருக்க மாட்டார் என்ற கவலை நியாயமானது. அதே அளவுக்கு நியாயமானது, சிக்கனமான பழைய விடுதிகள் மறைவதைப் பற்றிய கவலை. இந்திய விடுதலைக்கு லண்டனில் ஆதரவு திரட்டிய இந்தியா லீகோடு தொடர்புடைய இந்தியா கிளப், ஸ்ட்ராண்ட் 143ஆம் எண் கட்டடத்தில் ஒரு சிறிய ஹோட்டலின் மாடியில் பல பத்தாண்டுகள் மசால் தோசையும் இட்லியும் பரிமாறியது. 2023 செப்டம்பர் 17இல் மூடிவிட்டார்கள். கட்டட உரிமையாளர் அந்த இடத்தை நவீன ஹோட்டலாக்க விரும்பியதே காரணம். மையத்தில் படுக்கைகள் குறைவதில்லை. யாருக்குக் கட்டுப்படியாகும் படுக்கைகள் என்பதுதான் மாறிக்கொண்டிருக்கிறது. 90 இரவு வரம்பு நீடிக்க வேண்டும். அதோடு, குறைந்த கட்டணத்தில் ஒழுங்காக நடக்கும் பழைய விடுதிகளுக்கு நகராட்சி மன்றங்கள் பாதுகாப்புத் தர வேண்டும். இரண்டையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்த வேண்டியதில்லை.

லண்டனுக்குப் போகத் திட்டமிடுகிறவர்கள் ட்ரஃபால்கர் சதுக்கத்திலிருந்து அறை எத்தனை கிலோமீட்டர் என்று பார்ப்பதை விட்டு, மூன்றைக் கேட்டால் போதும். விமானமோ ரயிலோ உங்களை இறக்கிவிடும் இடத்திலிருந்து, பெட்டியோடு ஒரே வண்டியில் அங்கே போய்ச் சேர முடியுமா? நீங்கள் பார்க்க நினைக்கும் இரண்டு மூன்று இடங்களில் ஒன்றாவது நடந்து போகும் தூரத்தில் இருக்கிறதா? வாரத்தின் பெரும்பாலான நாட்களில் பாதாள ரயில் நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும் ஊரில், அதன்பின் திரும்ப இரவு பஸ் இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்று பதில் சொல்லும் தெருக்கள், பெரும்பாலும் யூஸ்டன் ரோட்டுக்கும் மியூசியத்துக்கும் இடையில்தான் இருக்கின்றன. 1846இன் எல்லைக்கோட்டையும், கே.டி. பால் மாணவர் விடுதிக்குத் தேர்ந்தெடுத்த தெருக்களையும் அங்கே பத்து நிமிட நடையில் பார்த்துவிடலாம்.